சக்கரம் துடைக்கப் பிரஷ் தேடினோம்

என் வீட்டுக்காரரைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் பந்திக்கு முன்னால் அவரைத் தேட வேண்டியிருக்கும். ஆள் மண்டபத்துக்குள் இருக்க மாட்டார். வண்டி நிறுத்துகிற இடத்தில், யாருடைய காருக்கோ பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்ரீபெரும்புதூரில் என் சித்தி மகள் கல்யாணத்தன்று, டயரில் காற்றைப் பிடுங்க வந்தவன் என்று நினைத்து மண்டபத்து வாட்ச்மேன் அவர் சட்டைக் காலரையே பிடித்துவிட்டார். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். "யோவ், வுடுய்யா. எங்க வூட்டுக்காரரு அவரு. சக்கரம் பாத்துகினு கீறாரு." வாட்ச்மேன் கையை எடுத்துவிட்டு, "சக்கரத்துல பாக்கறதுக்கு இன்னாம்மா கீது?" என்று கேட்டார். கேட்டது நியாயந்தான்.

பதில் இருந்தது. மண்டப வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதிலாக இல்லை. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரகடத்தில், கார் சக்கரம் வார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். அச்சிலிருந்து வெளியே வரும் அலுமினியச் சக்கரம் முரடாக இருக்கும், ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். கையில் பிடிக்கிற கிரைண்டரை வைத்து அந்தப் பிசிறைச் சீவி எடுப்பதுதான் அவர் வேலை. சீவி முடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று விரலால் சக்கரத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார்கள். அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கண்ணுக்குத் தப்பின பிசிறு விரலில் தட்டும். தட்டவில்லை என்றால் "ஓகே" என்று சொல்லி அடுத்த ஆள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவர் ஓகே சொன்ன சக்கரம் திரும்பி வந்ததே இல்லை என்று கூட வேலை பார்த்த பையன்கள் எங்கள் கல்யாணத்தில் என் காதுபடச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை, நான் இதையே சீராக எடுத்துக்கொண்டேன்.

நான் இந்தப் பக்கத்துக்காரி. ஒரகடத்தை ஒட்டின கிராமம். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன, அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, விடுங்கள். காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்கிற இன்னொரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். அவர் தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் பழக்கம் ஆகி, கல்யாணம் வரைக்கும் வந்தது. அவர் என்னை "ஏட்டி" என்று கூப்பிடுவார். அவர் ஊரில் அது செல்லமாம். முதல் தடவை அதைக் கேட்ட என் அம்மா, "இன்னாடி, மாட்ட ஓட்றா மாதிரி கூப்புடறான்" என்று அழாத குறை. நான் அவரை வீட்டில் "நீ, வா, போ" என்றுதான் பேசுவேன். அதைக் கேட்ட அவர் அம்மாவுக்கும் அதே நிலைமை. ஆக இரண்டு பக்கமும் சமம்.

வருஷக்கணக்காகக் கிரைண்டர் பிடித்த கை. முதலில் மார்கழிக் காலையில் மட்டும் விரல் நுனி வெள்ளை வெளேரென்று வெளுத்துப்போகும். தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். அப்புறம் சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. டம்ளர் நழுவியது. அவர் சாவியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டால், கையை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்துத்தான் சாவி வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அதிர்கிற மெஷின் எதையும் இனித் தொடக்கூடாது, பச்சைத் தண்ணீரில் கையை வைக்கக்கூடாது, போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அத்தோடு அந்த வேலை போயிற்று. யாராவது விசாரித்தால், "லேசா மரத்துப்போவுது, சரியாயிரும்" என்பார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். ஆனால் அந்தப் புண் இருக்கிறது என்று அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை.

வீட்டில் இருந்தார். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது சோறு வடித்து, ரசம் வைத்து, துணி மடித்து எல்லாம் ஆகியிருக்கும். ஊர் ஏதேதோ பேசிற்று. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது, அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வலித்தது வேறு. முன்னெல்லாம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் பின்கழுத்தில் கையை வைத்து, "என்னட்டி, அனலா அடிக்கி" என்பார். காய்ச்சலோ இல்லையோ, அந்தக் கை அங்கே வரும். அது நின்றுபோயிற்று. நானாகப் பக்கத்தில் போனால் கையை மடிக்குள் வைத்துக்கொள்வார். எனக்கு அதற்கு அழுகை வரும், கோபமாக வெளியே வரும். "ரசத்துல உப்பே இல்ல" என்று கத்துவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை என் அண்ணன் காரோடு வந்தான். கம்பெனி ஆட்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்குகிற கார். கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினான். சக்கரம் நான்கும் அடுப்புக்கரி. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"மச்சான், மூஞ்சியக் கழுவிட்டு காலக் கழுவாம கோயிலுக்குப் போவியளா?"

"அது பிரேக்குல வர்ற கரி மாப்ள. தேச்சா மறுநாளே வந்துரும். எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?"

"நான் பாக்கேன்லா," என்றார் இவர்.

என்னிடம் வெந்நீரும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை ஒரே ஒரு சக்கரம். டூத் பிரஷ் அவர் கையிலிருந்து விழும், பொறுக்கிக்கொள்வார், மறுபடி விழும். வாயில் ஏதோ பாட்டு. அவர் பாடி நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "குன்றத்தூர்ல நான் ஆள் ஏத்துற பிளாட்ஸ்ல எல்லாம் பக்கெட்டு தூக்கினு வந்து வண்டிய மேலால தொடச்சிட்டுப் போறானுங்க. சக்கரத்த ஒருத்தனும் தொட்றது இல்ல. மாப்ள இத்த ஒரு தொழிலா செய்லாம்." விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் ஆறப்போடுகிற பழக்கம் கிடையாது.

அடுத்த வாரவிடுமுறையன்று அவரை ஸ்ரீபெரும்புதூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் கார் சாமான் விற்கிற கடை. எங்களைப் பார்த்ததும் கடைக்காரர், "சீட் கவரா?" என்றார்.

"சக்கரம் கழுவ பிரஷ் வோணும்ணா."

"இன்னா வண்டி?"

"வண்டி இல்ல."

கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். "வண்டி இல்லாம சக்கரத்த மட்டும் கழுவப் போறீங்களா?"

"ஊர்ல வண்டிக்கா பஞ்சம்? நீங்க பிரஷ்ஷ காட்டுங்க."

மேசை மேல் பரப்பினார். கம்பி பிரஷ், நைலான் பிரஷ், சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே விட்டு உள்பக்கம் தேய்க்க அணில் வால்போல நீளமாக ஒன்று, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்போலக் குட்டையாக மெத்தென்று ஒன்று. கம்பி பிரஷ்ஷை என் வீட்டுக்காரர் முதலிலேயே ஒதுக்கினார். "இது பச்சை வார்ப்புக்கு ஆவும். ஓடுத வண்டிக்கு ஆவாது. பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. அது கீறிட்டுன்னா உள்ள தண்ணி எறங்கி சக்கரமே பொரிஞ்சிரும்." பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைச் சில பேர் சக்கரத்தில் ஊற்றுகிறார்களாமே என்று கடைக்காரர் கேட்டதற்குப் பாவம் அந்தச் சக்கரம் என்பதுபோல் உச்சுக்கொட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மற்ற பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைக்காரர் என்னைப் பார்த்து, இது என்ன சாமி கும்பிடுகிறாரா என்று கண்ணால் கேட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரஷ் கையில் இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. மெல்லிசான பிடி உள்ளதெல்லாம் கையில் சுற்றிற்று, ஒன்று தரையிலேயே விழுந்தது. "கையில எண்ண இருக்கு," என்றார் கடைக்காரரிடம். எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் எதுவும் பேசாமல் தடித்த பிடி உள்ளதாகப் பார்த்து இந்தப் பக்கம் தள்ளினேன்.

அப்போதுதான் கடைக்காரர் அந்த மெஷினை எடுத்தார். துளை போடுகிற டிரில்லின் முனையில் கூம்பு மாதிரி பஞ்சு மாட்டியிருந்தது. "இத்த வச்சா சக்கரம் அஞ்சு நிமிஷம். கையால தேச்சிகினு கெடக்க வோணாம்." என் வீட்டுக்காரர் வாங்கி, சுவிட்சை அழுத்தினார். அது கையில் கிடந்து நடுங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி ஒரு சிரிப்பு. வேறு எதுவும் தெரியாத அந்த விரலுக்கு அதிர்வு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏட்டி, சும்மா பாக்கேன்."

"பாத்தது போதும். கீழ வை."

"ஒருக்கா தான..."

"டாக்டரு சொன்னது எனக்கு ஞாபகம் கீது. கீழ வை."

கடைக்காரர் முன்னால் கத்தியது தப்போ என்னவோ, எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. அவர் மெஷினை வைத்துவிட்டு, நீள பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் பேசவில்லை. பஸ்ஸில் மட்டும், இறங்குகிற இடம் வருகிறபோது, "வெந்நிக்கு ஒரு பெரிய பிளாஸ்கு வாங்கணும்" என்றார். அப்படியென்றால் கோபம் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிரஷ்ஷின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். பிடி தடித்தது, நழுவவில்லை. நட்டு மாட்டுகிற குழிக்குள் எந்த பிரஷ்ஷும் போகாமல் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் குழந்தைப் பால் புட்டி கழுவுகிற பிரஷ் வாங்கி வந்தேன், அச்சுப்போல உள்ளே போயிற்று. "இது யாருக்கும் தோணாது," என்று அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் இன்னொரு ஷிப்ட் நிற்பேன். கரியைக் கரைக்க ஒரு மருந்து வாங்கியிருந்தோம். தெளித்தால் கரியோடு சேர்ந்து ரத்தம் மாதிரி ஊதாச் சிவப்பாக வழியும். முதல் தடவை அதைப் பார்த்த என் அம்மா, வண்டி யாரையாவது இடித்துவிட்டதா என்று பதறினாள்.

அண்ணன் கார்தான் சோதனைக்கு. கையுறை மாட்டி, வெந்நீரில் கழுவி, துடைத்து, கையுறையைக் கழற்றி, கண்ணை மூடி, மூன்று விரலால் ஒரு சுற்று. "ஓகே." பிறகு பாலிஷ். நிழலில் பார்த்தபோது முகம் பார்க்கலாம் போலிருந்தது. அண்ணன் மறுநாள் வெயிலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். சக்கரம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டமாகக் கீறல். "இன்னா மாப்ள, வளையல் டிசைனா?" என்றான், சிரித்துக்கொண்டே. நல்லவன். இன்னொருவன் வண்டியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்.

"துணி சரியில்ல," என்றார் என் வீட்டுக்காரர். துணியை மாற்றினோம். மறுபடியும் கீறல். "பாலிஷ்ஷு சரியில்ல." அதையும் மாற்றினோம். "பிரஷ்ஷு முடி கடுசா இருக்குட்டி." இன்னும் மெத்தென்று ஒன்று தேடிக் கடை கடையாய் அலைந்தோம். அந்தக் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே பிரஷ் கட்டை எடுத்து மேசையில் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை. ஏனென்றால் அவருக்கு ஆடத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தேன். அவர் கழுவித் துடைத்துவிட்டுக் கண்ணை மூடினார். விரல் சுற்றி வந்தது. ஓரத்தில் மண் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது, கடுகளவு, வெயிலில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் கண் முன்னாலேயே அவர் மூன்று விரலும் அந்த மண்ணின் மேல் ஏறித் தாண்டிப் போயின. நிற்கவில்லை, திரும்பி வரவில்லை. "ஓகே," என்றார்.

துணியிலும் குற்றம் இல்லை, பிரஷ்ஷிலும் குற்றம் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கிற மண்ணோடு பாலிஷ்ஷை வைத்துத் தேய்த்தால் கீறாமல் என்ன செய்யும். அந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிகிற மாதிரியே அவர் தடவிக்கொண்டிருந்தார். எனக்காகவா, தனக்காகவா, எனக்குத் தெரியாது. எதற்கெடுத்தாலும் வெடுக்கென்று பேசுகிறவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம் டீ போட்டு எடுத்துகினு வாயேன்," என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டு அந்த மண்ணைத் துடைத்தேன்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. கையில் மெல்லிசான பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினால் சின்ன மணல்கூடப் பெரிதாகத் தட்டும், எங்கள் லைனில் கண்ணாடி சோதிக்கிற பெண் ஒருத்தி சொல்லித்தந்தது. இடுப்பில் கவரைச் செருகிக்கொள்வேன். அவர் ஓகே சொல்வார், டீக்கோ தண்ணீருக்கோ நகர்வார், நான் தடவி, துடைத்துவிடுவேன். கீறல் நின்றது. "பாத்தியா, இந்த பிரஷ்ஷுதான் சரி," என்று அவர் சொன்னார். "ஆமாம்பா," என்றேன்.

அண்ணன் சொல்லி, குன்றத்தூர் பிளாட்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். மலைக்கோயில் தெரிகிற மாதிரி நான்கு பிளாக், கீழ்த்தளம் முழுக்கக் கார். அங்கே சங்கச் செயலாளர் ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர். முதலில் தன் காரைச் செய்து காட்டச் சொன்னார். பிடித்திருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாப் பிளாக்குக்கும் வரலாம், பிடிக்காவிட்டால் கேட்டுக்குள் விட முடியாது, பத்துப் பேருக்குப் பதில் சொல்லணும் பாருங்க என்று நயமாகவே சொன்னார். முந்தின நாள் என் வீட்டுக்காரர் பிரஷ்களை வரிசையாக வைத்து, எடுத்து, திரும்ப வைத்துக்கொண்டே இருந்தார். "பரீட்சைக்குக்கூட நான் இப்படி பயந்ததில்லட்டி," என்றார்.

மூன்று சக்கரம் நல்லபடியாக முடிந்தது. அவர் ஓகே சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்க நகர்ந்தார், நான் கவரை மாட்டிப் பார்த்துவிட்டேன், அவர் வந்து பாலிஷ் போட்டார். நான்காவது சக்கரத்தின்போது செயலாளர் மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். "செய்ங்க, செய்ங்க. சும்மா பாக்கறேன்," என்றார். அந்தக் கீழ்த்தளத்தில் வெளிச்சம் குறைவு. ஆரக்காலின் அடியில் கரி இருக்கிறதா இல்லையா என்று எனக்கே கண்ணால் தெரியவில்லை. செயலாளர் முன்னால் நான் கவரை மாட்டிக்கொண்டு தடவினால் இது யார் வேலை என்று கேட்பார். தடவாமல் விட்டு, அது கீறி, வண்டி வெயிலுக்குப் போனதும் தெரிந்துவிட்டால், இன்றோடு சரி. ஒரு சம்பாத்தியம் போகும், அதுகூடப் போகட்டும். அந்தப் பாட்டு போய்விடுமே என்றுதான் எனக்கு.

என் வீட்டுக்காரர் கழுவினார், துடைத்தார். கையுறையைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். விரல் ஒரு சுற்று வந்து நின்றது. நான் அந்த ஓகேக்குக் காத்திருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்து தன் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மணி என்ன என்று கேட்கிற குரலில், "சார், எனக்கு வெரல்ல உணர்ச்சி கெடையாது" என்றார்.

செயலாளர், "என்னப்பா?" என்றார்.

"மெஷின் புடிச்ச கை சார். செத்துப்போச்சு. நான் தடவிப் பாத்து ஒண்ணும் தெரியாது. முன்னாடி மூணும் எங்க வீட்டுக்காரிதான் பின்னாலயே பாத்துச்சு. இதையும் அது பாக்கட்டும். அது சொன்னாத்தான் பாலிஷ் போடுவேன்." என் பக்கம் திரும்பினார். "அந்தக் கவர வெளிய எடு. எனக்குத் தெரியும், பாரு."

இடுப்பிலிருந்து கவரை எடுத்தேன். மாட்டிக்கொண்டு விளிம்பில் ஆரம்பித்தேன், வழவழவென்று போயிற்று. முருகா, இப்படியே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது ஆரக்காலின் அடியில் தட்டியது. நறநறவென்று, சந்தேகமில்லாமல்.

விரலை நிறுத்தாமல் நகர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வெளி ஆள் முன்னால் இவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் தலையில் இன்னொன்றைப் போடுவதா. ஓகே என்று சொல்லிவிட்டு, துணியால் துடைக்கிற மாதிரி துடைத்துவிடலாம். ஓகே என் நுனி நாக்கில் நின்றது. அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க கீதுபா," என்றேன். "கரி போவல."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். "நீயும் ஓகேன்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்ட்டி," என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைக்கக் கையை எடுக்கப் போனேன். அவர் குட்டை பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துக்கொண்டு குனிந்தார். "வெரல எடுத்துராத. எடுத்தியன்னா எனக்கு எடம் தெரியாது."

செயலாளர் எழுந்தார். தனக்குக் கொண்டுவந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தி வைத்து, "உக்காந்து செய்ம்மா" என்றார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் விரல் நகர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் என் விரல் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். விரலையும் சேர்த்துத்தான் தேய்த்தார்.